படிப்பா, தொண்டா? ஒரு 240 மணி நேரத்தின் கதை

அவனியாபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, தைப்பொங்கல் அன்று நடக்கும் ஜல்லிக்கட்டு. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் மதுரை விமான நிலையம். ஆனால் காலை நேரத்தில் இங்கிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் ஊரின் இன்னொரு முகம் தெரியும். படிக்கட்டு வரைக்கும் காலேஜ் மாணவர்கள்! காலையில் வகுப்பு, மாலையில் ஏதாவது ஒரு கடையில் பார்ட் டைம் வேலை, சனி ஞாயிறில் என்.எஸ்.எஸ். என்று ஓடுகிறவர்கள் இவர்களில் பலர். இத்தனையையும் ஒருவர் எப்படிச் சமாளிப்பது?

"நேரத்தைச் சரியாகத் திட்டமிடு" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. டைம்டேபிள் போடு, டி.வி.யைக் குறை, அதிகாலையில் எழுந்திரு... எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு மதுரைப் பக்கத்தில் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் வேறு ஒரு விஷயம் புலப்படும். படிப்பையும் தொண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்தவர்களுக்கு, அதற்கான நேரத்தையும் இடத்தையும் யாரோ ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒதுக்கிக் கொடுக்க ஆள் இல்லாதபோது, மாணவர்கள் இரண்டில் ஒன்றை விட்டிருக்கிறார்கள்.

கல்லூரியை விட்டு வெளியே வா!

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது காந்தி மாணவர்களிடம் கேட்டது மிகப் பெரிய விஷயம். அரசுப் பள்ளிகளையும், அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் விட்டு வெளியே வரச் சொன்னார். அப்படி வந்தவர்கள் படிப்பதற்கென்று சில தேசியக் கல்வி நிலையங்களும் ஆரம்பிக்கப்பட்டன. குஜராத் வித்யாபீடம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா இரண்டும் 1920-ல் பிறந்தவை. காசி வித்யாபீடம் 1921-ல் வந்தது. அந்த 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் மதுரை மேலமாசி வீதியில் காந்தி தன் உடையை மாற்றி அரையாடைக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அடுத்த அழைப்பு 1930-ல் வந்தது. சட்ட மறுப்பு இயக்கம். அந்த வருடம் கல்லூரிப் படிப்பை உதறிவிட்டு வந்த இளைஞர்களில் ஒருவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். வசதியான குடும்பத்துப் பிள்ளை. படித்து முடித்திருந்தால் நல்ல உத்தியோகம் நிச்சயம். ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. சிறை, பிறகு வினோபாவின் பூதான இயக்கம், பிறகு தஞ்சை, நாகப்பட்டினம் பகுதியில் நிலமற்றவர்களுக்கான போராட்டம் என்று 2013-ல் மறையும் வரை அந்த வாழ்க்கை தொடர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜெகந்நாதனுக்குப் படிப்பு வராமல் போகவில்லை. அன்றைய கல்லூரி அரசாங்கத்தோடு கட்டுண்டது. ஒரே நேரத்தில் உள்ளேயும் இருந்து வெளியேயும் வேலை செய்ய அங்கே வழி கிடையாது. ஆகவே 'பேலன்ஸ்' என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. ஏதாவது ஒன்று மட்டும்தான்!

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது

இரண்டாவது உதாரணம் இன்னும் கூர்மையானது. என்.சங்கரய்யா 1937-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்புக்கும் போனார், மாணவர் இயக்க வேலையும் பார்த்தார். மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளராகவும் ஆனார். நான்கு வருடம் இரண்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தார் என்று சொல்லலாம். 1941 பிப்ரவரியில், பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்தது. சுமார் 18 மாதம் சிறை. பட்டப்படிப்பு அங்கேயே நின்றுபோனது.

பிற்காலத்தில் அவர் மதுரையிலிருந்து மூன்று முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967, 1977, 1980. 2021-ல் தமிழ்நாடு அரசின் முதல் 'தகைசால் தமிழர்' விருதும் அவருக்குத்தான். ஆனால் அந்தப் பட்டம் மட்டும் வரவில்லை. 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானம் போட்டது. வேந்தரான ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காததால் அதுவும் நடக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி சங்கரய்யா காலமானார்.

சங்கரய்யா செய்தது அரசியல், இன்றைய என்.எஸ்.எஸ். முகாம் போன்றது இல்லை, உண்மைதான். ஆனாலும் அவர் கதை இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படுகிறது. நேரத்தை ஒழுங்காகத் திட்டமிடாததால் அவர் பட்டத்தை இழக்கவில்லை. தேர்வுத் தேதியும் கைதுத் தேதியும் அவர் கையில் இல்லாததால்தான் இழந்தார்.

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அதே 1941-ல் காந்தி 'நிர்மாணத் திட்டம்' என்ற சிறு நூலை எழுதினார். 1945-ல் அதைத் திருத்தி வெளியிட்டபோது மாணவர்களுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. 1920-ல் கல்லூரியை விட்டு வரச் சொன்னவர், இதில் மாணவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது, அரசியல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, அவர்கள் முதலில் மாணவர்கள் என்கிறார். கூடவே நூல் நூற்க வேண்டும், ஓய்வு நேரத்தில் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ச் சேவை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். விடுமுறை முழுவதையும் கிராமத்துக்குக் கொடுங்கள் என்று 1929-லேயே அவர் எழுதியிருக்கிறார். அதாவது படிப்பை விடாமலே தொண்டு செய்யலாம், அதற்கான நேரம் விடுமுறை. இந்த யோசனைதான் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் விதை.

இடம் கொடுத்தவர்கள்

மதுரையின் டி.வி.எஸ். குடும்பத்தில் 1904-ல் பிறந்தவர் சௌந்தரம். சிறு வயதில் திருமணம், இளம் வயதில் கணவரை இழந்தார். அன்றைய வழக்கப்படி மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் மறுபடி படிக்கப் போனார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். குடும்பம் பின்னால் நின்றதால் அது முடிந்தது. 1947-ல் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்.

நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். மதுரையில் அவர் படித்தபோது ஆதரவாக நின்றவர்களில் டாக்டர் சௌந்தரமும் ஒருவர். கூலி வேலைக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணுக்குத் தங்க இடமும், சாப்பாடும், படிக்க வழியும் கிடைத்தது. கிருஷ்ணம்மாள் பட்டம் பெற்றார். 1950-ல், மேலே சொன்ன ஜெகந்நாதனைத் திருமணம் செய்துகொண்டார். ஜெகந்நாதன் வினோபாவோடு வட இந்தியாவில் நடந்துகொண்டிருந்த காலத்தில், கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்தார். அதன் பிறகு முழுநேரத் தொண்டு. 1981-ல் இருவரும் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பின் மூலம் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. 2008-ல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்ம பூஷண்.

கணவர் படிப்பை விட்டார், மனைவி படிப்பை முடித்தார். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பை விடுவது தியாகம். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் படிப்பே கிடைக்காத வீட்டுப் பெண்ணுக்குப் பட்டம் வாங்குவதே ஒரு பெரிய போராட்டம். "தொண்டுக்காகப் படிப்பைத் தியாகம் செய்" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல முடியாது என்பதற்கு இந்தத் தம்பதியைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் தொடங்கியது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது பாடத்திட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது. கிராமத்துக்குப் போனால் வகுப்பு போய்விடுமே என்ற கவலை அந்த மாணவருக்கு இல்லை, ஏனென்றால் அதுவும் வகுப்புதான்!

முன்பா, பின்பா, நடுவிலா?

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி டெல்லிக்குப் போனது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேசத் தொண்டு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. 1958-ல் பிரதமர் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், பட்டம் வாங்குவதற்குச் சமூக சேவையை ஒரு நிபந்தனையாக வைக்கலாமா என்று யோசனை கேட்டார். அதற்காக 1959-ல் சி.டி.தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது.

தேஷ்முக் குழு சொன்னது அதிரடியான யோசனை. பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போக விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டாய தேசத் தொண்டு செய்ய வேண்டும். உடலுழைப்பு, சமூக சேவை, கொஞ்சம் ராணுவப் பயிற்சி, பொதுக் கல்வி எல்லாம் அதில் உண்டு. அந்த வருடத்தில் படிப்பு கிடையாது, ஆகவே படிப்போடு மோதலும் கிடையாது!

ஆனால் அது நடக்கவில்லை. காரணம்? பணம். லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு ஒரு வருடம் சாப்பாடு, தங்குமிடம், துணி, மேற்பார்வை எல்லாம் கொடுக்க ஆகும் செலவைப் பார்த்ததும் திட்டம் ஓரம் கட்டப்பட்டது. அடுத்து கே.ஜி.சையிதைன் வெளிநாடுகளில் இளைஞர் சேவைத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்து 1960-ல் அறிக்கை கொடுத்தார். கட்டாயம் வேண்டாம், விருப்பத்தின் பேரில் தொடங்குவோம் என்பது அதன் சாரம். 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், எல்லா நிலையிலும் சமூக சேவை கல்வியோடு இணைந்திருக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் மத்திய கல்வித் துறையின் துணை அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? காந்திகிராமத்து டாக்டர் சௌந்தரம்தான் (1962-67)!

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நைஜீரியா 1973-ல் தொடங்கிய திட்டத்தில், பட்டம் வாங்கியவர்கள் ஒரு வருடம் தேசப் பணி செய்ய வேண்டும். அங்கே தொண்டு படிப்புக்குப் பின். மெக்சிகோவில் 1936-லேயே மருத்துவ மாணவர்களிடம் இது ஆரம்பித்துவிட்டது. அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் பட்டம் வாங்கும் முன் குறைந்தது 480 மணி நேரம் சமூக சேவை முடிக்க வேண்டும். தேஷ்முக் கேட்டது படிப்புக்கு முன். இந்தியா கடைசியில் தேர்ந்தெடுத்தது, படிப்புக்கு நடுவில்.

1969 செப்டம்பர் 24

சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கட்டாயம் வேண்டாம் என்ற குரல் பெருகியபோது, 1967 ஏப்ரலில் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு வழி சொன்னது. விரும்புகிறவர்கள் என்.சி.சி.யில் சேரட்டும், மற்றவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் என்று புதிதாக ஒன்று தொடங்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில் துணைவேந்தர்கள் மாநாடும் இதை வரவேற்றது. நான்காவது ஐந்தாண்டுத் திட்டத்தில் 5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ் என்.எஸ்.எஸ்.ஸைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள்.

விதி இதுதான். ஒரு தொண்டர் வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். வருடத்துக்கான 120 மணி நேரத்தில் 20 மணி நேரம் அறிமுகப் பயிற்சி, 30 மணி நேரம் கல்லூரி வளாகத்துக்குள் வேலை, மீதி 70 மணி நேரம் மக்களிடையே. இது தவிர, தத்தெடுத்த கிராமத்தில் விடுமுறையின்போது ஒரு சிறப்பு முகாம், இப்போது ஏழு நாள். நூறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் பொறுப்பு.

காந்தி 1929-ல் கேட்ட 'விடுமுறை முழுவதும்' என்பது இங்கே ஏழு நாள் முகாமாகச் சுருங்கியிருக்கிறது. தேஷ்முக் கேட்ட ஒரு வருடம்? ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் 240 மணி நேரம் என்பது 30 நாள். ஒரு வருடம் ஒரு மாதமாகிவிட்டது! இதைக் குறையாகவும் பார்க்கலாம், புத்திசாலித்தனமாகவும் பார்க்கலாம். ஒரு வருடத்தைக் கேட்ட திட்டம் காகிதத்தோடு நின்றது. ஒரு மாதத்தைக் கேட்ட திட்டம் அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடுகிறது. 40,000 பேரோடு தொடங்கியது இன்று 40 லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

140-ல் 1

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரிகளில் 2008-09 வாக்கில் கிரெடிட் முறை பரவியது. பல பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். அதில் 'பகுதி 5' என்ற பெயரில் விரிவாக்கப் பணிகளுக்கு, அதாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவற்றுக்கு, 1 கிரெடிட்.

இதில் நல்லதும் உண்டு. தொண்டு என்பது ஆர்வம் உள்ள நாலு பேரின் வேலை என்ற நிலை மாறி, மதிப்பெண் சான்றிதழில் ஒரு வரியாக வந்தது. ஆனால் அந்த 1 கிரெடிட்டுக்கான நேரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மற்ற 139 கிரெடிட்டுக்கும் பெரும்பாலும் வகுப்பு நேரம் உண்டு, பீரியட் உண்டு. தொண்டுக்கோ பெரும்பாலும் வகுப்பு முடிந்த மாலையும் சனி ஞாயிறும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், வருடத்துக்கு 180. 120 மணி நேரத்தை அதில் வகுத்தால் ஒரு நாளைக்கு 40 நிமிடம். வாரத்துக்கு நாலு மணி நேரம் கூட இல்லை. வேறு வேலை இல்லாத மாணவருக்கு இது ஒரு விஷயமே கிடையாது. ஆனால் சனி ஞாயிறில் ஜவுளிக்கடையிலோ, கேட்டரிங் வேலையிலோ நின்று கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவருக்கு? இரண்டு வருடத்தில் அந்த 30 நாள் என்பது 30 நாள் கூலி. அவர் என்.எஸ்.எஸ்.ஸில் சேராவிட்டால் "சேவை மனப்பான்மை இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். அவருடைய கணக்கில் செலவுப் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சின்னச் சிக்கலும் இருக்கிறது. அவனியாபுரம் நகராட்சியாக இருந்தது. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அப்போது மூன்று நகராட்சிகளும், மூன்று பேரூராட்சிகளும், பல ஊராட்சிகளும் சேர்ந்து 72 வார்டுகள் 100 ஆயின. நகரம் விரிய விரிய, முகாம் நடத்தும் 'கிராமம்' கல்லூரியிலிருந்து தள்ளிப் போகிறது. போய்வரும் பஸ் நேரமும் மாணவரின் நேரம்தானே! அதே சமயம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட பகுதிகளிலேயே செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, கண்மாய்க் கரையைச் சுத்தம் செய்வது. பி.காம். படிக்கிறவர்கள் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டைச் சரிபார்த்துக் கொடுத்தாலே, தொண்டும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று.

வரலாறு சொல்வது

1930-ல் கல்லூரி இடம் கொடுக்கவில்லை, ஜெகந்நாதன் வெளியேறினார். 1941-ல் அரசாங்கம் தேர்வெழுத விடவில்லை, சங்கரய்யா பட்டம் இழந்தார். கிருஷ்ணம்மாளுக்குத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது, படிப்பும் தொண்டும் இரண்டுமே கைகூடின. காந்திகிராமத்தில் பாடத்திட்டமே வழி விட்டது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தேர்வுகளைத் தள்ளி வைத்தது. நிவாரண வேலையில் இறங்கிய மாணவர்கள், அடுத்த நாள் பரீட்சையை நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே படிப்பையும் தொண்டையும் சமன் செய்வது மாணவர் ஒருவருடைய சாமர்த்தியம் மட்டும் இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகலை, இரண்டு பீரியடை, டைம்டேபிளிலேயே தொண்டுக்கென்று ஒரு கல்லூரி ஒதுக்கினால், ஜவுளிக்கடையில் நிற்கும் மாணவரும் சனிக்கிழமைக் கூலியை இழக்காமல் வரலாம். வருடத்துக்கு முப்பது பிற்பகல், தலா இரண்டு மணி நேரம் என்றால் 60 மணி நேரம், 120-ல் பாதி அங்கேயே முடிந்துவிடும். இதற்குப் புதுச் சட்டமோ, தேஷ்முக் குழுவைப் பயமுறுத்திய பெரும் செலவோ தேவையில்லை.

அடுத்த முறை யாராவது "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்டாலோ, "சேவை செய்ய மனசு வேணும்" என்று சொன்னாலோ, மனசு போதுமான அளவு இருக்கிறது என்று பதில் சொல்லுங்கள். பிறகு உங்கள் கல்லூரியின் டைம்டேபிளை எடுத்து, அதில் அந்த இரண்டு பீரியட் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், கேளுங்கள்.